ஆண்கள் சந்தைக்குப் போன நாள்

நியூ ஜெர்சியில் பொங்கல் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பொங்கல் ஷீட் வந்துவிடும். தமிழ்ச் சங்க விழாவுக்கு யார் யார் என்னென்ன சமைப்பது என்று ஆன்லைனில் பெயர் போட்டுக்கொள்ளும் ஷீட் அது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனியின் சாப்பாட்டு அறையில், தயிர்சாதத்தை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் ஃபோனில் அந்த ஷீட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் வேலை பார்க்கும் தோழி எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். விளக்கினேன்.

அவளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத ஒரு சிறிய நாடு. பேசுவது ஆங்கிலம்தான், நடுவில் பிரெஞ்சு வந்து விழும். என் காதில் கேட்டபடி இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"சாம்பார், பொங்கல், வடை எல்லாத்துக்கும் நேரா பொம்பளைங்க பேராவே இருக்கே? ஆம்பளைங்க என்ன கொண்டு வருவாங்க?"

ஷீட்டைக் கீழே தள்ளினேன். ஆண்கள் கடைசியில் இருந்தார்கள். பேப்பர் தட்டு, ஐஸ், மைக் செட்.

அவள் சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க நாட்டுல ஒரு தலைவர் இருந்தாரு. சின்ன வயசு, ராணுவத்துக்காரரு. நாலு வருஷம்தான் ஆட்சியில இருந்தாரு, அப்புறம் கூட இருந்தவங்களே முடிச்சுட்டாங்க. அவரு ஒரு தடவ ஆம்பளைங்க எல்லாரும் கூடையத் தூக்கிட்டு சந்தைக்குப் போங்கன்னாரு. போய் வாங்கி, வந்து சமைக்கணும். பொம்பளைங்களுக்கு அன்னிக்கு லீவு."

"போனாங்களா?"

"எங்கப்பா போனாரு. நான் அப்ப பொறக்கவே இல்ல. ஆனா அம்மா சொல்லிச் சொல்லி நானும் கூடப் போன மாதிரி ஆயிடுச்சு. சந்தை பூரா ஆம்பளைங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம நின்னாங்களாம். காய் விக்கிற பொம்பளைங்களுக்குக் கொண்டாட்டம். வாய்க்கு வந்த விலையச் சொன்னாங்களாம். அப்பா அத்தனையும் குடுத்துட்டு, உடைச்சா உடையாத வெண்டைக்காயோட வீட்டுக்கு வந்தாரு. அம்மா அன்னிக்கு முழுக்க நாற்காலிய விட்டு எந்திரிக்கல. சொல்லும்போது இப்பவும் அவங்களுக்குச் சிரிப்பு தாங்காது."

அன்று மாலை ரயிலில் அந்தத் தலைவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மந்திரிகளின் பெரிய கார்களை விற்றுச் சின்னக் கார்களில் போகச் சொன்னவர், உள்ளூர்ப் பருத்தியில் நெய்த துணியை உடுத்தச் சொன்னவர், மரம் நட வைத்தவர், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வைத்தவர். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் இல்லை. நானோ பாடப்புத்தகத்தில் ஒரு வரி விடாமல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான்தான். அப்பா ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார், அம்மா நூல்மில்லுக்குப் போனார், இருவருக்கும் கைநாட்டுதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. தேவைக்கு மேலேயே சொல்லிக்கொள்கிறேன் என்பது என் கணவரின் அபிப்பிராயம்.

அந்த வருஷம் சங்கத்தில் நான் ஃபுட் கோஆர்டினேட்டர். தேர்தலெல்லாம் இல்லை, வேறு யாரும் வேண்டாம் என்றதால் வயதில் சின்னவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜூம் மீட்டிங்கில் மற்றவர்கள் ஸ்டேஜ் அலங்காரம் பற்றிப் பேசி முடித்ததும் என் முறை வந்தது.

"இந்த வருஷம் கிச்சன் முழுக்க ஜென்ட்ஸ்தான். ஷாப்பிங், சமையல், பரிமாறது, பாத்திரம் கழுவறது எல்லாம். சாப்பாடு ரெடியாகிற வரைக்கும் லேடீஸ் யாரும் உள்ள வரக் கூடாது. ஃபோன்லயும் ஐடியா குடுக்கக் கூடாது."

சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன. முதலில் பேசியது, பல வருஷம் தலைவராக இருந்து இப்போதும் எல்லாவற்றுக்கும் தலைவராக இருக்கும் அங்கிள்.

"என்னம்மா, கோஆர்டினேட்டர் ஆன உடனே புரட்சியா?"

"ஆமா அங்கிள். ஆப்பிரிக்கால ஒரு தலைவர் நெஜமாவே பண்ணியிருக்காரு." கதையைச் சொன்னேன்.

"அங்க பண்ணலாம்மா. இங்க எரநூறு பேருக்குச் சாப்பாடு போடணும்."

"அங்க ஒரு நாட்டுக்கே போட்டாங்க அங்கிள்."

யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. அங்கிள் விடவில்லை. "சரி, நாங்கல்லாம் உள்ள போயிட்டா என் பொண்ணு டான்ஸ யாரு வீடியோ எடுக்கிறது?"

அப்போதுதான் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் ஆன்ட்டி, பேசினார். மாயவரத்துக்காரர். எங்கள் சங்கத்தில் சமையல் என்றால் இந்த ஆன்ட்டிதான். சாம்பாரை முகர்ந்தே உப்புச் சொல்லுவார். மீட்டிங்குகளில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் ஒரு தடவகூட அவ ஆடறத முழுசா பாத்ததில்ல," என்றார். "அஞ்சு வயசுலேர்ந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆடறா. சாப்பாட்டுக்கு முன்னாடிதான் டான்ஸ் வைக்கிறீங்க. அந்த நேரத்துல நான் பின்னால அண்டாவோட நிக்கிறேன். இந்த வருஷத்தோட அவளும் காலேஜுக்குப் போயிடுவா. எனக்கு இந்த ஒரு வாட்டி முன்னால உக்காந்து ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாக்கணும்."

"வீடியோல பாத்திருக்கியேம்மா," என்றார் அங்கிள், குரலைத் தாழ்த்தி.

"உங்க வீடியோல பாதி நேரம் உங்க வெரல்தான் ஆடும்."

அதோடு தீர்மானம் நிறைவேறியது.

நான் பள்ளியில் முதல் பரிசு வாங்கிய அன்று என் அம்மா மில் ஷிப்டில் இருந்தார். வந்ததும், மேடையில் எந்தப் பக்கமாக ஏறினாய், யார் கையால் கொடுத்தார்கள், எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று துளைத்துத் துளைத்துக் கேட்டார். எனக்கு அப்போது அது தொல்லையாக இருந்தது. இப்போது அந்த ஜூம் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இந்த ஆன்ட்டியை மட்டும் அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

ஆண்கள் உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். எல்லோரும் மென்பொருள் ஆட்கள். எனவே சமையல் தொடங்கவில்லை, ப்ராஜெக்ட் தொடங்கியது. தினமும் காலையில் யார் எதை முடித்தார் என்று கால் மணி நேர ஸ்டாண்ட்-அப் கால். அபாயங்களுக்குத் தனிப் பட்டியல். அதில் 'அப்பளம் நமத்துப்போதல்: ஹை' என்று சிவப்பில் இருந்தது. என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், அந்த டீமில் அடிமட்டத் தொண்டர். ஒரு நாள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏனுங் மேடம், பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் ஒண்ணுதானுங்களே?"

"தெரியாதுங்க. சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க."

"ரூல் போட்டதே நீதான?"

"அதனாலதான் மீற முடியாதுங்க."

ரூலில் ஓட்டையும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் திருச்சிக்கு ஃபோன் போட்டு அவர் அம்மாவிடம் புளிக்கரைசல் அளவு கேட்டுவிட்டார். நான் ஆட்சேபித்தபோது, சங்கத்து லேடீஸ் என்றுதான் ரூலில் இருக்கிறது, அம்மா மெம்பர் இல்லை என்றார். வாதம் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஒத்திகை ஒரு வீட்டு கராஜில் நடந்தது. நாலு பேருக்கான சாம்பார் குறிப்பை எடுத்து எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கியிருந்தார்கள். பருப்பு சரி, காய் சரி. பெருங்காயத்தையும் அதே எண்ணால் பெருக்கியதுதான் வினை. கராஜ் கதவைத் திறந்து வைத்தும், என் கணவரின் ஜாக்கெட்டை நான் ட்ரைகிளீனிங்குக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை இந்தியக் கடைக்குப் போனார்கள். நான் வேறு வேலையாகப் போவதுபோல் போய்ப் பார்த்தேன். பருப்பு வரிசையில் ஐந்து ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மியூசியம் பார்ப்பதுபோல நின்றிருந்தார்கள். பில் போடும் பெண்மணி அவர்களையே பார்த்துக்கொண்டு, ஸ்கேன் பண்ண மறந்தார். என் கணவர் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"முருங்கக்கா என்ன வெல விக்குது தெரியுமா உனக்கு?"

"நாலு வருஷமா தெரியுங்க."

"அப்பறம் ஏன் வாரா வாரம் வாங்குற?"

"நீங்க வாரா வாரம் சாப்பிடுறீங்க."

பையை இறக்கி முருங்கைக்காய்க் கட்டைப் பிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார், கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல.

இதற்கிடையில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. தலைவர் என்று ஒருவர் கிடைத்துவிட்டால் நம் கை சும்மா இருக்குமா? கிச்சன் வாசலில் வைக்க ஆளுயர பேனர் ஒன்று டிசைன் செய்து ஆர்டர் கொடுத்தேன். சிவப்புத் தொப்பியில் அந்தத் தலைவர் சிரிக்கும் படம், பின்னால் உதயசூரியன்போல் கதிர்கள், இரண்டு பக்கமும் கரும்பு, கீழே பொங்கல் வாழ்த்து. காலையில் ஒரு மாலையும் போட்டுவிடலாம் என்றிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது தோழியிடம் பெருமையாக ஃபோனை நீட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஃபோர்க்கைக் கீழே வைத்தாள்.

"இத எங்க மாமா பாக்காம இருக்கணும்."

"ஏன்?"

"மாமா வாத்தியாரு. ஸ்ட்ரைக் பண்ணாங்கன்னு வாத்தியாருங்கள மொத்தமா வேலைய விட்டுத் தூக்கினாரு இவரு. மாமாவும் அதுல போனாரு. எங்க வீட்டுல இவர் பேர எடுத்தா சாப்பாட்டு மேஜை ரெண்டாயிடும். அம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். வேறு யாரை வேலையை விட்டு எடுத்திருந்தாலும் ஒருவேளை ஏதாவது சமாதானம் தேடியிருப்பேன். வாத்தியார்கள் என்றதும் முடியவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்து என் அப்பாவிடம் சண்டை போட்டிருக்காவிட்டால் நான் இந்த மேஜையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"அப்ப அவரு நல்லவரா, இல்லையா?" என்றேன்.

"உங்க ஊர்த் தலைவருங்கள அப்படி ஒரே வார்த்தையில சொல்லிடுவியா நீ?"

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த தலைவரைப் பற்றி அப்பாவும் சித்தப்பாவும் பேச ஆரம்பித்தால் தட்டு பறக்கும்.

"எனக்கு அம்மாவும் வேணும், மாமாவும் வேணும்," என்றாள். "அதனால நான் அந்த சந்தை நாள மட்டும் எடுத்துக்கிட்டேன். நீயும் அத எடுத்துக்கோ, படத்த விட்டுடு. அவரே தன் படத்த ஆபீஸ்ல எல்லாம் மாட்டாதீங்கன்னு சொன்னவருதான்."

அங்கேயே உட்கார்ந்து பேனர் ஆர்டரை ரத்து செய்தேன். அவளை விழாவுக்குக் கூப்பிட்டேன். வெண்டைக்காய் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன்.

விழா ஒரு மிடில் ஸ்கூலில். முந்தின நாள் பெய்த பனியை பார்க்கிங் லாட்டின் ஓரங்களில் குவித்து வைத்திருந்தார்கள். சமையலறைச் சாவியைக் கொடுத்த பள்ளி ஊழியர் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். கூரையில் இருக்கும் புகை அலாரம் அடித்தால் கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே போய்விட வேண்டும், தீயணைப்பு வண்டி வந்து சரி என்று சொல்லும் வரை உள்ளே வர முடியாது. அங்கிள் அதைக் குறித்துக்கொண்டு அபாயப் பட்டியலில் அப்பளத்துக்கு மேலே ஏற்றினார்.

நான் கிச்சன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பழக்கத்தில் கால் தானாக உள்ளே போய்விடும் பெண்களைத் திருப்பி அனுப்புவது என் வேலை. "வெறும் கரண்டி எடுத்துட்டுப் போறேன்", "தண்ணி குடிக்கத்தான்" என்று எத்தனையோ சாக்குகள். உள்ளே வேட்டிக்கு மேல் ஏப்ரன் கட்டிய ஆண்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் காதில் ப்ளூடூத் மாட்டியிருந்தார், பேசுகிறவர் எதிரிலேயே நின்றபோதும்.

ஆன்ட்டி பட்டுப்புடவையில் வந்தார். அந்த ஹாலில் அவரை நான் ஏப்ரன் இல்லாமல் பார்ப்பது அதுவே முதல் தடவை. கூடவே நடன அலங்காரத்தில் மகள்.

"அம்மா, ப்ளீஸ் டோன்ட் க்ரை, ஓகே? அண்ட் நோ தாளம்."

"நான் ஏன்டி அழறேன்? போ, போய் நில்லு."

முதல் வரிசையில் நடுவில் என் ஆப்பிரிக்கத் தோழிக்குப் பக்கத்தில் ஆன்ட்டியை உட்கார வைத்துவிட்டு வந்தேன். இருவருக்கும் பொதுவாகப் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. தோழி அவர் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஆன்ட்டி அவள் காதணியைத் தொட்டுப் பார்த்தார்.

குழந்தைகளின் குழு நடனங்கள் முடிந்து, மகளின் தனி நடனம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. வெல்லம் அடிப்பிடிக்கும் வாசனை. முதலில் நன்றாகத்தான் இருக்கும், பிறகு கசக்கும். நான் கதவைத் திறந்தேன்.

சர்க்கரைப் பொங்கல் அண்டாவைச் சுற்றி ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் பெரிய கரண்டியால் அடியோடு சேர்த்துக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறக் கிளறப் புகை. எல்லோரும் ஒரு நொடி கூரையைப் பார்த்தார்கள், பிறகு அண்டாவை, பிறகு கூரையை.

"அவள கூப்பிடும்மா," என்றார் அங்கிள். "ரெண்டு நிமிஷம். வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்."

"முடியாது அங்கிள்."

"அலாரம் அடிச்சா டான்ஸே நின்னுடும்மா! எல்லாரும் பனியில நிக்கணும். அவ எப்படிப் பாப்பா?"

அது உண்மைதான். கூப்பிட்டாலும் ஆன்ட்டிக்கு நடனம் போய்விடும், கூப்பிடாவிட்டாலும் போய்விடும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அங்கிள் கையில் கரண்டியோடு என்னைத் தாண்டி வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

ஹாலின் பக்கவாட்டுக் கதவருகே போய் நின்றுவிட்டார். வாசனை அங்கே வரை வந்திருந்தது. பெண்கள் வரிசை வரிசையாக மூக்கை நிமிர்த்தி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். முட்டி மடங்கியபடி, நிற்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல். மேடையில் மகள், வராத யாரையோ வாசலில் நின்று தேடும் பாவனையில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள். அவள் பார்வை அம்மாவின் மேல் வந்து நின்றது. ஆன்ட்டி மெல்ல, மெல்ல உட்கார்ந்தார்.

அங்கிள் தூக்கிய கரண்டியை இறக்கினார். திரும்பிக் கிச்சனுக்கு ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற அங்கிளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உள்ளே என் கணவர் கத்திக்கொண்டிருந்தார். "கிளறாதீங்க, கிளறாதீங்க! அடியத் தொடாம மேலாப்ல அள்ளி வேற குண்டாவுக்கு மாத்துங்க!" ரூம்மேட்டுகளோடு இருந்த காலத்தில் தினமும் சோறு தீய்த்த அனுபவம் அது. நான் சொல்ல நினைத்ததும் அதுவேதான், வாயை மூடிக்கொண்டேன். இருவர் அள்ளினார்கள். நாலு பேர் துண்டையும் பேப்பர் தட்டையும் வைத்துக்கொண்டு அலாரத்துக்குக் கீழே விசிறினார்கள். ஒருவர் நாற்காலியில் ஏறி நின்று வாயால் ஊதினார். ஆனாலும் காலி அண்டாவின் அடியிலிருந்து புகை நிற்கவில்லை.

"பின் கதவத் தெறங்க!" என்றார் அங்கிள்.

அவரும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் துணியால் பிடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். வேட்டி, அரைக்கைச் சட்டை, காலில் செருப்பு. பார்க்கிங் லாட்டுப் பனிக்குவியலில் அண்டாவை ஒரே அழுத்தாக அழுத்தி உட்கார வைத்தார்கள். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அது அடங்கியது. அலாரம் அடிக்கவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு அங்கிள், "பொங்கலோ பொங்கல்," என்றார், மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி. ஹாலிலிருந்து கைதட்டல் கேட்டது. நடனம் முடிந்திருந்தது.

சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது. ரசத்தில் உப்பே இல்லை, சாம்பார் பிரமாதம், அப்பளம் நமத்துப்போகவில்லை. சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்ட ஒரு பையன் "டேஸ்ட்ஸ் லைக் பார்பெக்யூ" என்று இரண்டாம் தடவை கேட்டான். தோழி என்னிடம் மணிக்கட்டை நீட்டினாள். சிவப்பாக வளையல் தடம்.

"உங்க ஆன்ட்டி தமிழ்ல என்னமோ சொன்னாங்க, என் கையப் புடிச்சாங்க. டான்ஸ் முடியற வரைக்கும் விடவே இல்ல. எங்கயோ ஏதோ தீயிற வாசனை வந்துச்சு, ஆனா நானும் எந்திரிக்கல."

அங்கேயே அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பு. பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம், அந்த ஆம்பளைங்களுக்கு வெண்டைக்காய் விலை தெரிஞ்சுதா என்று. என் கணவர் கடை வாரியாகச் சொன்னார்.

"உங்க நாட்டுல அந்த நாள் இப்பவும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அவரு போனதும் அதுவும் போச்சு. ஆனா எங்கப்பா அதுக்கப்புறம் காய் விலைய வச்சு அம்மாகிட்ட சண்டை போட்டதே இல்லையாம். எங்க வீட்டுல அவ்வளவுதான் மிச்சம்."

சாம்பார் வாளியோடு வந்த அங்கிள் ஆன்ட்டியின் தட்டுக்கு முன் நின்றுவிட்டார்.

"எப்படி ஆடினா?"

ஆன்ட்டி சொல்ல ஆரம்பித்தார். முதலில் எந்தப் பக்கமாக வந்தாள், எந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறிச் சமாளித்தாள், எந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அங்கிள் கேட்டுக்கொண்டே நின்றார். பின்னால் பந்தி நின்றது. "அங்கிள், சாம்பார்!" என்று யாரோ கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

மகள் முகத்துப் பூச்சைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வெயிட், நோபடி டுக் எ வீடியோ? லைக், நத்திங்?"

"அம்மா பாத்துட்டா," என்றார் அங்கிள்.

"ஐ நோ! ஷீ வாஸ் க்ரையிங் த ஹோல் டைம்."

"நான் எங்கடி அழுதேன்?" என்றார் ஆன்ட்டி. "பொகைடி. கண்ணு எரிஞ்சுது."

ஹாலுக்குப் புகை வரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஜூமில் மீட்டிங். அடுத்த வருஷ நிகழ்ச்சி நிரல் வந்தபோது, அங்கிள் கையைத் தூக்கினார். டான்ஸையெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துவிடலாம் என்றார். முன்னால் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் பார்க்க முடியாது, இத்தனை வருஷமாக இது தனக்குத் தோன்றவே இல்லை என்றார். அவர் மகள் அடுத்த வருஷம் ஆடப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எதிர்ப்பு வந்தது. வயிறு நிறைஞ்சு ஆட முடியுமா குழந்தைங்களால? சாப்பிட்டதும் எல்லாரும் கார எடுத்துட்டுக் கெளம்பிடுவாங்க, டான்ஸ யாரு பாப்பாங்க?

"ஒருத்தரும் போகமாட்டாங்க," என்றார் ஆன்ட்டி. "பாயசத்த மட்டும் நிறுத்தி வைங்க. டான்ஸ் முடிஞ்சப்புறம்தான் பாயசம்னு சொல்லிடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

"சரி, பாயசம் யாரு பண்றது?" என்று கேட்டார் அங்கிள்.

அத்தனை கட்டங்களிலும் ஆண்கள் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கே," என்றார் ஆன்ட்டி. "மெதுவா கத்துக்கலாம்."